ஏழு பேர் சொன்ன ஆமென்

ஒரே ஒரு ஊர். ஊருக்கு ஒரே ஒரு கோயில், ஓடு போட்ட வேதக் கோயில். கோயிலுக்கு ஒரே ஒரு ஐயர். ஐயருக்கு ஏழு கமிட்டிக்காரர்கள். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை.

ஆமென்.

அந்தப் பனங்காட்டுப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஐயருக்குப் பெயர் சற்குணம்.

ஒருநாள் அவர் வேர்த்து விறுவிறுத்து உப்பளத்து ஊருக்கு நடந்து போனார்.

உப்பளத்துச் சபையை நடத்துகிறவர் ஒரு பெண். எப்சிபா என்று பெயர். ஊரில் பாஸ்டரம்மா. சற்குணம் ஐயரைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

அந்த அம்மா கமிட்டி நடத்துகிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்கும் என்று ஐயர் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் உப்பளத்துக் கோயிலில் தொட்ட வேலை எதுவும் பாதியில் நின்றதில்லை.

அதுதான் அவரை அங்கே நடத்திக்கொண்டு போனது.

"ஏழு பேரும் ஆமென் சொன்னாங்கம்மா," என்றார். உட்காரக்கூட இல்லை. "ஒருத்தரும் வரல்ல."

"எதுக்கு வரல்ல?"

"கூரை வேலைக்கு. கோயில் ஓட்டைத் தாங்குத பனங்கை எல்லாம் கரையான். விரல வச்சு அழுத்தினா உள்ள போகுது. ஐப்பசி மழை இறங்கினா ஓட்டோட கீழ வந்துரும்."

"கீழ யாரு இருப்பா?"

"ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும். முன்வரிசையில பிள்ளைங்க."

பாஸ்டரம்மா பெஞ்சைக் காட்டினார். ஐயர் உட்கார்ந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் பழைய பனைகள் நிற்கின்றன, வைரம் பாய்ந்தவை. அவற்றை வெட்டி அறுத்தால் கூரைக்கு வேண்டிய கை அத்தனையும் கிடைக்கும். ஐயர் இதைக் கமிட்டியில் வைத்தார். ஆமென். சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒரு ஆள் கோடாலியோடு வர வேண்டும் என்றார். அதற்கும் ஆமென்.

சனிக்கிழமை விடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஐயர் மட்டும் நின்றார்.

"நானே போய் மணி அடிச்சேன். சனங்க வாசலுக்கு வந்தாங்க. என்னையப் பாத்தாங்க. திரும்ப உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பட்டப்பகல்ல, அம்மா. பட்டப்பகல்ல கதவைச் சாத்திட்டாங்க."

பாஸ்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கமிட்டி கூடியிருந்த அறைக்குள்ளேயிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"பாஸ்டரம்மா, நீங்க வெளிய போய் ஒளிஞ்சாலும் நான் சொன்னது சொன்னதுதான். அந்த இடத்துல கக்கூஸ் கட்டினா நாத்தம் எங்க வீட்டுக்குத்தான் வரும். உங்க வீட்டுப் பக்கம் கட்டிக்கிடுங்க."

"இருங்க தாவீது அண்ணாச்சி. வந்து சண்டை போடுதேன்."

ஐயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களையா இப்படிப் பேசுதாங்க?"

"இன்னும் நாலு நாள் கத்துவாரு. அப்புறம் அவரே மண்வெட்டியோட வந்து நிப்பாரு."

"எங்க கமிட்டியில ஒரு சத்தம் கிடையாது. டீ கொதிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

"அப்படியா. எப்படிங்கய்யா அது?"

வந்ததிலிருந்து முதல் தடவையாக ஐயர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"நான் வந்த புதுசுல அங்கயும் இப்படித்தான். ஒரு பாய் வாங்கணும்னாலும் சண்டை. பிறகு ஒரு வழி கண்டுபிடிச்சேன். காரியம் ஒண்ணு வந்தா, 'எழும்பி நிப்போம், ஜெபிப்போம்'னு சொல்லிருவேன். என்ன செய்யணுமோ அதை ஜெபத்துலயே வச்சிருவேன். ஆண்டவர் சமுகத்துல வச்ச பிறகு எவன் வாயத் திறப்பான்?"

"பனையையும் அப்படித்தான் வச்சீங்களா?"

"அப்படித்தான்."

பாஸ்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த நேரம் கொஞ்சம் அதிகம்தான்.

"ஞாயித்துக்கிழமை நான் அங்க வாரேன். ஆராதனை முடிஞ்சதும் கமிட்டியைக் கூட்டுங்க. கடைசியா முடிச்சு வைக்கிறதை மட்டும் எங்கிட்டக் குடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எனக்கு ஒரு புத்தி, ஒரு வசனம், ஒண்ணும் சொல்லலியே?"

"எனக்கு உள்ள சண்டை கிடக்குய்யா," என்று பாஸ்டரம்மா எழும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை.

ஆராதனை முடிந்து சனம் கலைந்தது. பெஞ்சுகளின் மேல் கரையான் உதிர்த்த பொடி மாவு மாதிரி கிடந்தது. ஏழு பேரும் அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பாஸ்டரம்மா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை ஏன் வரல்ல?" என்றார் ஐயர். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

வேதமாணிக்கம் பனையேறி. கமிட்டியில் மூத்தவர். "மூட்டு பிடிச்சுக்கிட்டுது, ஐயரே."

"சாயங்காலம் பனை உச்சியில ஓலை வெட்டிக்கிட்டு நின்னீரே."

"ஏறிட்டேன். இறங்க முடியல்ல."

சுவிசேஷமுத்து வாத்தியார் கமிட்டிக்குச் செயலாளர். "எனக்கு மச்சினன் வீட்டு விசேஷம்."

"உமக்கு ஏதுவே மச்சினன்?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "தூரத்து மச்சினன்."

அன்னபாக்கியம் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர். ஏழு பேரில் ஒரே பெண். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார். "என்கிட்டக் கோடாலி இல்ல."

மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஐயர் பெருமூச்சு விட்டார். "எழும்பி நிப்போம். ஜெபிப்போம்."

எழும்பினார்கள்.

"பரலோகப் பிதாவே, உம்முடைய ஆலயத்தின் கூரைக்காக, வருகிற சனிக்கிழமை ஒருவரும் குறையாமல் வந்து, அந்தப் பனைகளை வெட்டிச் சாய்க்க இவர்களுக்குக் கிருபை தாரும்."

"ஆமென்."

ஏழு குரலும் ஒரே குரலாக வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஐயர் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். பார்த்தீர்களா, இப்படித்தான் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

பிறகு, "பாஸ்டரம்மா முடிச்சு வைப்பாங்க," என்றார்.

பாஸ்டரம்மா முன்னால் வந்தார். "எல்லாரும் எழும்பி நிக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். எல்லாரும் எழும்பினார்கள். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"இந்த நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்."

"கூடி வந்த ஏழு பேருக்காகவும், அவர்களை நடத்துகிற ஐயருக்காகவும் ஸ்தோத்திரம்."

"ஆமென்."

"பனங்காட்டுக்கு வரப்போகிற மழைக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்."

மெதுவான குரல். தாலாட்டு மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை வேளையில், இந்தக் கூரை இறங்கி, முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகள்மேல் விழக்கடவது."

"ஆமென்."

எட்டு ஆமென். அதில் பெரிய ஆமென் ஐயருடையது.



கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேலேயிருந்து கொஞ்சம் பொடி உதிர்ந்து மேசைமேல் விழுந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அன்னபாக்கியம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "என்ன சொன்னீங்க?"

பாஸ்டரம்மா முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"என் சின்னவ முன்வரிசையிலதான் இருப்பா," என்றார் அன்னபாக்கியம். "என்ன சொன்னீங்க நீங்க?"

"நாம ஆமென் சொல்லிட்டோம்," என்றார் வாத்தியார்.

"நான் சொல்லல்ல," என்றார் வேதமாணிக்கம்.

"சொன்னீரு. என் காதுல கேட்டுது."

"நீரும்தான் சொன்னீரு."

"எல்லாரும்தான் சொன்னோம். ஐயரும் சொன்னாரு."

ஏழு பேரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னது தன் வாய்தானா என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆமெனைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்று கேட்டார் அன்னபாக்கியம்.

அந்தக் கோயிலில் அதுவரைக்கும் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

வாத்தியாருக்குச் சட்டம் தெரியும். "கமிட்டிச் சட்டத்துல அப்படி ஒண்ணு இல்லியே."

"சட்டம் கிடக்கட்டும். நான் எடுத்துக்கிடுதேன். என் ஆமென் எனக்கு வேணும்."

"நானும் எடுத்துக்கிடுதேன்," என்றார் வாத்தியார், சட்டத்தை அப்படியே போட்டுவிட்டு. மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள்.

வேதமாணிக்கம் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அப்படி எடுக்கலாம்னா," என்றார் மெல்ல, "அந்தப் பனைக்குச் சொன்னதையும் நான் எடுத்துக்கிடுதேன்."

ஐயர் திரும்பினார். "எந்தப் பனை?"

"வடக்கு மூலையில ரெட்டைப் பனை நிக்குதுல்லா, ஐயரே. ஒண்ணு எங்க ஐயா. ஒண்ணு எங்க அம்மா."

ஐயருக்கு முதலில் விளங்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடக்கம் முடிந்ததும் ஐயர்தான் முதலில் கிளம்ப வேண்டும். அவர் தலை மறைந்த பிறகு, வீட்டுக்காரர்கள் ஒரு பனங்கொட்டை எடுத்துத் தலைமாட்டில் ஊன்றுவார்கள். வந்த எந்த ஐயருக்கும் அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

எத்தனையோ பேரை அடக்கம் செய்துவிட்டு, எத்தனையோ தடவை முதலில் கிளம்பிப் போனவர் சற்குணம் ஐயர்.

அவர் உட்கார்ந்தார். "அப்போ நான், உங்க..."



"ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?" என்று கடைசியில் கேட்டார்.

"எப்படிச் சொல்ல?" வேதமாணிக்கத்துக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நீங்க ஆண்டவர்கிட்டல்லா பேசிக்கிட்டிருந்தீங்க. நடுவுல பேசினா மரியாதையா இருக்குமா?"

ஐயர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்," என்றார் வேதமாணிக்கம். "எங்க ஐயா இந்தக் கோயிலுக்கு மண் சுமந்தவரு. எங்க அம்மா தண்ணி சுமந்தவ. ரெண்டு பேரும் மேல ஏறிப் படுத்துக்கிடட்டும். ஆனா வெட்டுதது நானாத்தான் இருக்கணும். வேற எவன் கோடாலியும் படக்கூடாது."

"எங்க தாத்தா பனையை நான் தரமாட்டேன்," என்றார் வாத்தியார் திடீரென்று.

"உங்க தாத்தா உயிரோட இருக்கும்போதே ஒரு நுங்கு தரமாட்டாரு. செத்த பிறகா தருவாரு?" என்றார் வேதமாணிக்கம்.

"எங்க தாத்தாவைப் பத்திப் பேசாதேயும்."

"நான் பனையைப் பத்தித்தான்வே பேசுதேன்."

அதுவரைக்கும் தரையைப் பார்த்திருந்த நாலு பேருக்கும் அப்போது வாய் வந்தது. ஒருவர் தெற்கு வரிசையைத் தொடக்கூடாது என்றார். இன்னொருவர் தெற்கு வரிசைதான் நேராக வளர்ந்தது, அதைத்தான் வெட்ட வேண்டும் என்றார். ஒருவர் மேசையைத் தட்டினார். பொடி மறுபடியும் உதிர்ந்தது.

சத்தம் தெருவுக்குப் போனது. சனங்கள் வாசலுக்கு வந்தார்கள். கோயிலைப் பார்த்தார்கள். இந்தத் தடவை ஒருவரும் கதவைச் சாத்தவில்லை.

உள்ளே மற்றவர்கள் வாத்தியாரைச் சுற்றி நெருக்கினார்கள். ஊரே பெற்றவர்களைத் தூக்கிக் கொடுக்கும்போது இவர் ஒரு தாத்தாவைக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டார்கள். வாத்தியார் முகம் சிறுத்துவிட்டது.

"சரி. எடுத்துக்கிடுங்க," என்றார்.

ஐயர் எழும்பினார். பழக்கம்.

"எழும்பி நி..."

நிறுத்தினார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"வேண்டாம்னு சொல்லுதவங்க முதல்ல சொல்லுங்க," என்றார்.

சத்தம் சட்டென்று நின்றது. அந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்," என்றார் அன்னபாக்கியம்.

"சொல்லுங்கம்மா."

"என் மூத்தவ அங்க நிக்கா. வடலிப் பனை. இன்னும் முழங்கால் உசரம்கூட வரல்ல." கையை வைத்துக் காட்டினார். "பக்கத்துல நிக்குதது வாத்தியார் தாத்தா பனை. அது சாஞ்சா இவ மேலதான் சாயும்."

அந்தப் பிள்ளையை ஐயருக்கு நினைவிருந்தது. சின்னப் பெட்டி. அன்றைக்கு வெயில் அதிகம். மண் போட்டதும் முதலில் கிளம்பி வந்துவிட்டார்.

"அதுக்குத்தான் கோடாலி இல்லன்னு சொன்னீங்களா?"

"கோடாலி இருக்கு," என்றார் அன்னபாக்கியம்.

ஐயர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, முதல்ல நீரு என்ன சொன்னீரு?"

"எப்போ?"

"தாத்தா பனையைப் பத்தி."

"தரமாட்டேன்னு சொன்னேன்."

"அதையே திரும்பச் சொல்லும்."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தரமாட்டேன்."

"தராதீங்க வாத்தியாரே," என்றார் அன்னபாக்கியம். "யாரு கேட்டாலும் தராதீங்க."

முதலில் வேதமாணிக்கம்தான் சிரித்தார். பிறகு அவரே, "அப்போ ஒரு பனை குறையுதே," என்றார். மறுபடியும் சண்டை.

டீ வந்தது. ஆறியது. ஆறினதை யாரும் கவனிக்கவில்லை. குறைகிற பனையை மற்ற நாலு பேரில் ஒருவர் தன் விளைநிலத்திலிருந்து தருவதாக ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகும் அரைமணி நேரம் திட்டிக்கொண்டிருந்தார்.

"கூரை முடியுத வரைக்கும் ஆராதனையை வெளிய வைங்க," என்றார் அன்னபாக்கியம். "வேப்பமரத்து அடியில."

ஐயர் அவரையே பார்த்தார். இவ்வளவு எளிதான ஒன்று. இத்தனை ஞாயிற்றுக்கிழமையாக இந்தக் கூரைக்குக் கீழேதான் அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்.

"வேண்டாம்னு யாராவது?" என்று கேட்டார்.

யாரும் இல்லை.

வெயில் சாய்ந்தபோது எழும்பினார்கள். முடிவு ஜெபம் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. தெற்கு வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள், தெருவிலும் பேசிக்கொண்டே போனார்கள். அன்னபாக்கியம் வீட்டுப் பக்கம் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பினார்.

கோயிலுக்குள் இரண்டு பேர் மிச்சம்.

"ஒண்ணு கேக்கணும், அம்மா," என்றார் ஐயர். "அந்த ஜெபத்தை வாயெடுத்துச் சொல்ல உங்களுக்குப் பயமா இல்லியா?"

"எந்த ஜெபம்?"

"கூரை... பிள்ளைங்க மேல..."

"பிதாவேன்னு கூப்பிட்டேனா, ஐயா? யோசிச்சுப் பாருங்க."

ஐயர் யோசித்தார்.

கூப்பிடவில்லை.

"ஜெபிப்போம்னு சொன்னேனா?"

சொல்லவில்லை.

"எழும்பி நிக்கத்தான் சொன்னேன். கண்ணை நீங்களா மூடினீங்க. நான் மூடல்ல. உங்க முகத்தைப் பாத்துத்தான் அவ்வளவும் சொன்னேன்."

"அப்போ அது ஆண்டவர்கிட்டச் சொன்னது இல்லியா?"

"இல்ல. உங்ககிட்டச் சொன்னது."

பாஸ்டரம்மா வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். நிமிர்ந்தார்.

"நீங்க அந்தப் பனையைப் பத்தி ஜெபத்துல சொன்னது யார்கிட்ட?"

ஐயர் வாயைத் திறந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பனம்பழம் தொம்மென்று விழுந்தது.

பாஸ்டரம்மா பதிலுக்கு நிற்கவில்லை. உப்பளத்துப் பாதையில் இறங்கி நடந்து போய்விட்டார்.